பி சைடை முழுசாகக் கேட்டவன்

இன்று பந்தல்குடி பஸ்ஸில், கல்லூரித் தோழன் செல்வம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

தொண்ணூறுகளில், அருப்புக்கோட்டை ரிக்கார்டிங் கடையில், கிரஞ்ச் என்ற இரைச்சலான ராக் வகையைச் சேர்ந்த ஒரு பேண்டின் இரண்டு ஆல்பங்களை ஒரே கேசட்டில் பதிந்து வாங்கினேன். ஏ சைடில் எல்லோருக்கும் பிடித்துப்போகும் ஆல்பம். பி சைடில் காதைக் கிழிக்கும் ஆல்பம்.

அதை என்னிடம் இரவல் வாங்கிய செல்வம் ஏ சைடு கட்சி. "பி சைடுதான் நெஜமான இசை, உனக்குப் புரியாது" என்று முப்பது வருடமாக அவனைச் சீண்டி வருகிறேன். இன்றும் ஆரம்பித்தேன்.

"அந்தக் கேசட்டு இன்னும் எங்கிட்டதான் இருக்கு. நேத்துப் போட்டுக் கேட்டேன். பி சைடுல மூணாவது பாட்டுக்குப் பெறகு என்ன வரும், சொல்லு" என்றான்.

"இன்னும் உக்கிரமா வரும்" என்றேன்.

"ஏலே, நாதஸ்வரம் வருது. இரைச்சலக் கேட்டுட்டு, பதிவு கெட்டுப்போச்சுன்னு நெனச்சிருக்காரு கடைக்காரரு. மிச்சத்துல கல்யாண மேளத்தப் பதிஞ்சு குடுத்துருக்காரு."

அருப்புக்கோட்டைக்கு இன்னும் இரண்டு நிறுத்தம் இருந்தது. பஸ் நின்ற இடத்திலேயே இறங்கி நடந்தேன்.

அந்த இரண்டாவது ஆல்பத்தை முழுசாகக் கேட்டவர்கள் இருந்தால், கடைசிப் பாட்டு எப்படியிருக்கும் என்று சொல்லுங்கள். நாளைக்கும் அவன் இதே பஸ்ஸில்தான் வருவான்.