பாட்டு டீச்சருக்கு ஒரு தனி டம்ளர்

அந்த எவர்சில்வர் டம்ளரை நான் இன்னும் மறக்கவில்லை. சேலத்துக்கு வெளியே, மலைப்பாதை தொடங்கும் அடிவாரத்தில், எங்கள் சபையும் அதன் பள்ளிக்கூடமும் ஒரே காம்பவுண்டுக்குள் இருந்தன. திருவிருந்து ஞாயிறுகளில் நாங்கள் வரிசையாக முழங்காலிட, பாஸ்டர் திராட்சை ரசம் நிறைந்த ஒரே வெள்ளிக் கிண்ணத்தை ஒவ்வொருவர் உதட்டிலும் வைத்துக்கொண்டே போவார். எல்லோரும் ஒரே உடல் என்பதற்கு அது அடையாளமாம்.

பாட்டு டீச்சரும் நானும் அந்தப் பள்ளியில் ஒன்றாக வேலை பார்த்தோம். அவர் திருச்செங்கோட்டுப் பக்கம். அந்தப் பேச்சு கடைசிவரை மாறவில்லை. சபையின் பாடகர் குழுவையும் அவர்தான் நடத்தினார். அவர் எடுத்துக் கொடுத்தால் பின்வரிசையில் தூங்குகிறவர்கள்கூட நிமிர்ந்து உட்காருவார்கள். ஒரு கோடை விடுமுறைக்குப் பிறகு அவர் விரல்களிலும் உதட்டோரத்திலும் வெண்புள்ளிகள் படரத் தொடங்கின. இது தொற்றுகிற நோயே இல்லை என்று மருத்துவர் சொன்னதை, ஆசிரியர் அறையில் எல்லோரிடமும் அவரே சிரித்தபடி சொன்னார்.

முதலில் சின்னப் பிள்ளைகளின் வகுப்பிலிருந்து அவரை எடுத்தார்கள். “ஒட்டாதுன்னு எனக்குத் தெரியுமுங்க டீச்சர். பேரண்ட்ஸ்தான் ஒத்துக்க மாட்டேங்கறாங்க” என்றார் தாளாளர். இயேசு குஷ்டரோகியைத் தொட்ட கதையைக் காலை ஜெபத்தில் கண் கலங்கச் சொல்லக்கூடிய மனிதர் அவர். பிறகு சபையிலும் தொடங்கியது. டீச்சருக்கு முன்னால் கிண்ணத்தை எட்டிவிட வேண்டும் என்று பட்டுச் சேலைகளும் இஸ்திரி மடிப்புச் சட்டைகளும் இடித்துக்கொண்டு போனதைப் பார்த்தேன். ஒரு ஞாயிறு, கடைசியாக முழங்காலிட்டிருந்த டீச்சரிடம் வந்ததும் பாஸ்டர் கிண்ணத்தை மேசையில் வைத்துவிட்டு, விரிப்புக்குப் பின்னாலிருந்து ஒரு டம்ளரை எடுத்து நீட்டினார். தனி டம்ளர் என்றால் என்ன அர்த்தம் என்று எங்கள் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. டீச்சர் அதையே பார்த்தார். வாங்கவில்லை. எழுந்து, நடுவழியே நடந்து வெளியே போய்விட்டார். பாஸ்டர் அடுத்த பாட்டின் எண்ணைச் சொன்னார், எல்லோரும் பாடினார்கள். டம்ளரைவிட அந்தப் பாட்டுதான் எனக்கு அருவருப்பாக இருந்தது.

பள்ளி வேலையையும் அவர் விட்டுவிட்டார். கிறிஸ்துமஸ் நெருங்கியது, பாடகர் குழு தத்தளித்தது. பாஸ்டரும் சபைச் செயலாளரும் என்னையும் அழைத்துக்கொண்டு காரில் அவர் வீட்டுக்குப் போனார்கள். டீச்சர் உட்காரச் சொல்லி, காப்பி கொண்டுவந்து வைத்தார்.

“நடந்ததை மனசுல வெச்சுக்காதீங்க டீச்சர். பிஷப் வர்றாருங்க. நீங்க இல்லாம பாட்டே இல்லீங்க” என்று குழைந்தார் செயலாளர்.

நான் என் காப்பியைக் குடித்தேன். அவர்கள் இருவர் முன்னாலும் காப்பி ஆறி ஆடை கட்டியது. அதைப் பார்த்துக்கொண்டே டீச்சர் கேட்டார்: “ஏனுங்க பாஸ்டர், என்ற காப்பி ஒட்டிக்கும், என்ற பாட்டு மட்டும் ஒட்டிக்காதுங்களா?”

“ஒரு சின்ன ஜெபம் பண்ணிட்டுப் போறோமுங்க” என்று பாஸ்டர் கண்களை மூடினார்.

“வேண்டாமுங்க. கெளம்புங்க.” டீச்சர் குரலை உயர்த்தவே இல்லை.

வெளியே வந்ததும் செயலாளர் சட்டைப்பையிலிருந்து சானிடைசர் பாட்டிலை எடுத்து, கேட்டைத் தொட்ட கையில் விட்டுத் தேய்த்துக்கொண்டார். பாஸ்டரும் கையை நீட்டி வாங்கிக்கொண்டார். “நீங்களும் போட்டுக்குங்க டீச்சர்” என்று பாட்டில் என் பக்கம் திரும்பியது.

நான் அந்தக் கேட்டை மறுபடி திறந்து உள்ளே போனேன். காரில் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு, அவர்கள் போய்விட்டார்கள்.