கீழப்பழுவூர்க்காரர் கிளறிய லேகியம்

இதை எழுத வேண்டும் என்று நினைத்து வெகு வருஷமாகிறது. பேனாவை எடுப்பேன், ரெண்டு வரி எழுதுவேன், மூடி வைத்துவிடுவேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு எழுத வராது என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், நான் கடைக்காரன். கடைக்காரன் தன் சரக்கைப் பற்றி எழுதினால் விளம்பரம் என்றுதான் யாரும் படிப்பார்கள். என் மனைவியிடம் கேட்டேன். "எழுதுங்க. என்னையப் பெரிய இவளாக்கிப்புடாதீங்க" என்றாள். முருகன் மேல் பாரத்தைப் போட்டுவிட்டு எழுதுகிறேன்.

பெரம்பலூரில் கடைத்தெரு ஓரமாக எனக்கு ஒரு நாட்டு மருந்துக் கடை. முன்பக்கம் கடை, ஒரு துணித் திரைக்குப் பின்னால் வீடு. பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற லேகியத்துக்கான சுக்கு, திப்பிலி, ஓமம், சித்தரத்தை இதையெல்லாம் எங்கள் பக்கம் செலவுச் சாமான் என்போம். மகளுக்கு மாதம் நெருங்கியதும் தாய்க்காரி வந்து வாங்கிப் போவாள். வீட்டில் சுத்தம் பண்ணி, வறுத்து, இடித்து, வெல்லப் பாகில் கிளறி, நல்லெண்ணெயும் நெய்யும் விட்டு இறக்குவாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மகள் புருஷன் வீட்டுக்குத் திரும்பும்போது, தொட்டில் சேலையோடு ஒரு தூக்குச்சட்டி லேகியமும் போகும்.

என் மனைவிக்குச் சின்ன வயதிலேயே தாயார் தவறிவிட்டார். எங்கள் மகள் பிறந்தபோது, இவ்வளவு சாமானும் மூட்டை மூட்டையாகக் கடையில் கிடந்தும், கிளறிக் கொடுக்க ஆள் இல்லை. அவள் அதைக் குறையாகச் சொன்னதில்லை. கொஞ்ச காலம் கழித்து, சாமி விளக்குக்குத் திரி போட்டுக்கொண்டே, "ஏங்க, லேகியத்தைச் செஞ்சே வித்தா என்னங்க? அம்மா இல்லாத புள்ளைங்க எத்தனை பேரு இருக்கும்" என்றாள். அந்தப் பிள்ளைகளுக்குப் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது.

தொண்ணூறுகளின் கடைசியில் ஆரம்பித்தோம். முதலில் செய்ததில் பூசணம் பிடித்தது. அடுத்ததில் பாகு முற்றிப்போய்க் கல்லாக நின்றது. நான் கடித்துப் பார்த்துப் பல்லைப் பிடித்துக்கொண்டேன். வெல்லத்தை மாற்றினோம், ஓமத்தை வெயிலில் காய வைத்து வறுத்தோம், எண்ணெயை ஏற்றிக் குறைத்தோம். கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் சுண்டைக்காய் அளவு உருட்டிக் கொடுத்துக் கேட்டோம். ஒருவர் காரம் என்பார், அடுத்தவர் காரம் போதாது என்பார். கடைசியில் எல்லாரும் தலையாட்டுகிற பதம் ஒன்று வந்தது. கண்ணாடி பாட்டில் வாங்கி, திருச்சியில் கலர் லேபிள் அடித்தேன். தாயும் பிள்ளையுமாக ஒரு படம், மேலே 'தாய் வீட்டு லேகியம்' என்று பெயர். பெயர் வைத்தது நான்தான். ரொம்பப் பெருமை எனக்கு.

தையில் கல்யாணம் என்றால் ஐப்பசியில் தொட்டில் என்பது எங்கள் வியாபாரக் கணக்கு. அதனால் ஐப்பசிக் கிருத்திகையன்று முதல் பாட்டிலைச் செட்டிகுளம் மலைக்கு எடுத்துப் போய், முருகன் பாதத்தில் வைத்து வாங்கி வந்து, கடையில் கண்ணில் படுகிற தட்டில் மற்ற பாட்டில்களோடு அடுக்கினேன்.

எல்லாரும் பார்த்தார்கள். எடுத்துத் திருப்பிப் பார்த்தார்கள், வாசனை பிடித்தார்கள், நல்லாயிருக்கு என்றார்கள். வைத்துவிட்டு வழக்கம்போல் செலவுச் சாமானைக் கட்டச் சொன்னார்கள். தீபாவளியும் போனது. வாலிகண்டபுரத்திலிருந்து வாடிக்கையாக வரும் ஓர் அக்காவிடம் நான் வாய்விட்டே கேட்டேன், இதில் என்ன குறை என்று.

"குறையெல்லாம் ஒண்ணுமில்ல தம்பி. நான் செய்யறதவிட நல்லாத்தான் இருக்கு. ஆனா இதை நான் அனுப்புனேன்னு வையி, எம்மவ மாமியா முன்னாடி போயி நிக்கையில, ஏன்டி, உங்க வூட்டுல அடுப்பு இல்லையா, உங்கம்மா செத்துட்டாளான்னு கேப்பா. நான் குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேன்" என்று சிரித்துவிட்டுச் சாமானோடு போய்விட்டார்.

அவர் போன பிறகு நான் திரைக்குப் பின்னால் போனேன். என் மனைவி முறத்தில் மிளகைப் பரப்பி வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா இருக்கறவளே வாங்கக் கூச்சப்படறா. இல்லாதவ இந்தப் பாட்டிலைக் கையில எடுத்தா, ஊருக்கே தமுக்கு அடிச்ச மாதிரி இல்ல?" என்றாள்.

அன்றைக்கே அவள் பாட்டில்களை எடுத்துப் பரணில் வைத்தாள். நான் முருகனோடு கோபித்துக்கொண்டு அடுத்த கிருத்திகைக்கு மலை ஏறவில்லை. காலடியில் வைத்துத்தானே கொண்டுவந்தேன், நீயாவது சொல்லியிருக்கக் கூடாதா என்று மனசுக்குள் சண்டை.

கார்த்திகையில் ஒரு மழை மத்தியானம், ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு கடை வாசலில் நின்றார். எனக்கு முன்பின் தெரியாதவர். கீழப்பழுவூர், விவசாயம் என்றார். மகளைப் பெரம்பலூரில் கட்டிக்கொடுத்திருக்கிறார். மனைவி போன வருஷம் தவறிவிட்டதால், தலைப்பிரசவத்துக்கு மகளைச் சொந்த ஊருக்கு அழைக்க வழியில்லை. சம்மந்தி வீட்டிலேயே வைத்துப் பார்த்து, இங்கே ஆஸ்பத்திரியில் பேரன் பிறந்திருக்கிறான். சம்மந்தி வீட்டார் நல்லவர்கள்தான், ஒன்றும் சொல்லவில்லை. தன் வீட்டிலிருந்து ஒன்றுமே போகவில்லையே என்பதுதான் தாங்கவில்லை என்றார். சாமான் பெயர்கூட அவருக்குத் தெரியவில்லை.

என் மனைவி பரணிலிருந்து ஒரு பாட்டிலை இறக்கிக்கொண்டு வந்தாள். அவர் அதை வாங்கி, படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"ஆயி, இந்தச் சீட்டைக் கிழிச்சிரலாமா?"

"ஏங்கய்யா?"

"நான் செஞ்சதுன்னு சொல்லிக்கிறேன். அவ அம்மா செஞ்சதுன்னு சொல்ல முடியாதுல்ல."

என் மனைவி லேபிளைக் கிழிக்கப் போனவள், நிறுத்திக்கொண்டாள். பாட்டிலை அவர் கையிலிருந்து திரும்ப வாங்கினாள்.

"பொய் எதுக்குங்கய்யா, சாமி வந்து பொறந்திருக்கற நேரத்துல. உள்ள வாங்க. நீங்களே கிளறுங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் திரையை விலக்கிப் பிடித்தேன்.

இடித்து வைத்த தூள் வீட்டில் மிச்சம் இருந்தது. அடுப்பில் சட்டியை ஏற்றி, வெல்லத்தைப் போட்டுக் கரண்டியை அவர் கையில் கொடுத்துவிட்டாள். அவர் துண்டைத் தலையிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, வாய்க்கால் மடை வெட்டுகிற மாதிரி காலை அகட்டி நின்றார். கம்பிப் பதம் என்றால் என்ன என்று கேட்டார். விரலில் தொட்டுக் காட்டினாள். தூளைக் கொட்டியதும் கை ஓயக் கூடாது என்றாள்; அவர் பலத்தையெல்லாம் காட்டினார்.

"மெதுவாங்கய்யா, சட்டி ஓட்டையாயிரும். இது என்ன களிமண்ணா?"

"களிமண்ணு சொன்னபடி கேக்கும் ஆயி. இது நம்ம இழுக்கற பக்கம் வரமாட்டேங்குது" என்றார்.

சிரித்துப் பேசிக்கொண்டிருந்ததில் அடியில் லேசாகப் பிடித்துவிட்டது. என் மனைவி பதறிப்போய், வேறு சட்டியில் புதிதாகப் போடலாம் என்றாள். அவர் வேண்டாம் என்றுவிட்டார். ஆறவைத்துத் தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டு மழையிலேயே போனார்.

தை பிறந்ததும் கடைக்கு வந்தார். இரண்டு படி பச்சைப்பயறு கொண்டுவந்திருந்தார். மகள் லேகியத்தை வாயில் வைத்ததுமே அடிப்பிடித்த வாசனையைக் கண்டுகொண்டாளாம். யார் செஞ்சது என்று மாமியார் கேட்டதற்கு, "எங்கப்பாதான். அவருதான் வெந்நி வெச்சாலும் அடிப்புடிக்க வுடுவாரு" என்றாளாம். மாமியாரும் ஒரு உருண்டை கேட்டு வாங்கித் தின்றார்களாம். மகள் மிச்சம் வைக்காமல் தின்றுவிட்டாள் என்று அவர் சொன்னபோது, திரைக்குப் பின்னாலிருந்து என் மனைவி வெளியே வந்து அவருக்கு மோர் கொடுத்தாள்.

அன்று மாலையே, இனி பாட்டில் வேண்டாம் என்றாள். சுத்தம் பண்ணுவது, வறுப்பது, இடிப்பது, அளவு சேர்ப்பது, இதை மட்டும் நாம் செய்வோம். கிளறுவது அவரவர் வீட்டில் நடக்கட்டும் என்றாள். தூளை பிளாஸ்டிக் பையில் போட்டு, மெழுகுவத்திச் சுடரில் பை வாயை ஒட்டினோம். படம் இல்லை. கிளறும் விதம் மட்டும் சின்ன எழுத்தில் அச்சடித்துப் பையோடு வைத்தோம். வாலிகண்டபுரத்து அக்கா தயக்கமில்லாமல் வாங்கினார். இடிக்கிற கைவலி மிச்சம் என்றார். அண்ணன்கள் வந்து வாங்கினார்கள், புருஷன்மார் வந்து வாங்கினார்கள். அரியலூர், ஜெயங்கொண்டம் கடைகளிலிருந்து ஆள் அனுப்பிக் கேட்டார்கள். அடுத்த ஐப்பசிக்குள் இடித்து மாளவில்லை.

இப்போது இந்தக் கதை எங்கள் பக்கத்தில் பல விதமாக உலவுகிறது. யோசனை என்னுடையது என்கிறார்கள். முருகன் கனவில் வந்து சொன்னான் என்றும் கேட்டேன். அவன் கனவில் வரவில்லை. மழையில் ஓர் ஆளை அனுப்பினான், அதற்குமேல் எனக்குத் தெரியாது. இதைப் படித்தவர்கள், நாலு பேரிடம் சொல்லுங்கள், முக்கியமாகப் புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்களிடம். கூட்ட வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். அடுப்பு முன்னால் நின்று அவர் அழுதார் என்று சிலர் சேர்த்துச் சொல்கிறார்கள். அவர் அழவில்லை. கரண்டியைப் பிடித்துக்கொண்டு, பாகு சரியாக வந்துவிட்டதா, சரியாக வந்துவிட்டதா என்றுதான் கேட்டுக்கொண்டே இருந்தார். அப்படியே சொல்லுங்கள்.