முன்னூறு கட்டை தூரம்

வேலாயுதத்துக்கு மலேசியாவின் கிளாங் ரயில் பாதையில் லைன் பார்க்கும் வேலை. தோளில் நீளமான ஸ்பேனரும் கையில் சுத்தியலுமாகத் தினமும் காலையில் நான்கு மைல் போய் நான்கு மைல் திரும்புவார். தளர்ந்த போல்ட்டுகளை முறுக்குவார், எழும்பிய ஆணிகளை அடித்து இறக்குவார். இருபத்தாறு வருடம் அப்படி நடந்தவருக்கு, 1979இல், ஐம்பத்திரண்டு வயதில் வலது கால் ஒத்துழைக்க மறுத்தது.

ஆடுசதையை யாரோ முறுக்கிப் பிழிவதுபோல வலிக்கும். இரண்டு நிமிடம் நின்றால் போய்விடும். நடந்தால் அதே தூரத்தில் மறுபடி பிடிக்கும். தூரத்தை அவர் தண்டவாளத்துக்கு அடியில் கிடக்கும் கட்டைகளை எண்ணித்தான் அறிவார். முன்னூறு கட்டை, அதற்கு மேல் கால் வராது.

வீட்டில் சொல்லவில்லை. வேலை போனால் குடியிருக்கும் ரயில்வே குவாட்டர்ஸும் போய்விடும் என்ற பயம். வலித்து நிற்கும் இடத்திலெல்லாம் ஒரு சிகரெட்டைப் பற்றவைத்துக்கொள்வார். பார்க்கிறவர்கள் புகைக்க நிற்கிறார் என்று நினைக்கட்டும். ஒரு நாளைக்குப் பத்தாக இருந்தது இருபத்தைந்தானது.

ஒரு காலையில் சாப்பாட்டுத் தூக்கை மறந்துவிட்டுப் போனார். மனைவி வீரம்மா அதை எடுத்துக்கொண்டு பாதையோரமாகவே வந்தாள். தந்திக் கம்பத்தைப் பிடித்தபடி, கண்ணை மூடி, உதட்டைக் கடித்துக்கொண்டு நின்ற கணவனைத் தூரத்திலேயே பார்த்துவிட்டாள். கூப்பிடவில்லை. அவர் நடந்ததும் பின்னால் நடந்தாள். கொஞ்ச தூரத்தில் மறுபடி நின்றார்.

"எத்தனை நாளா இப்படி?"

திரும்பிப் பார்த்தவருக்குப் பொய் வாயில் வரவில்லை. "தீவாளிக்கு முன்னாடியிருந்து."

"நா ஒருத்தி வீட்டுல எதுக்கு இருக்கேன்?" என்று கேட்டுவிட்டு அழுதாள்.

மறுவாரம் கோலாலம்பூர் ஆஸ்பத்திரிக்கு இருவரும் போனார்கள். டாக்டர் மீனலோசனி அவருடைய பாதத்தின் மேலும் கணுக்காலின் பின்னும் விரல் வைத்து வெகுநேரம் தேடினார். வலது பாதத்தில் நாடித் துடிப்பு கிடைக்கவில்லை.

"காலுக்கு ரத்தம் போற குழாய் உள்ளுக்குள்ள சுருங்கிப்போச்சு. நடக்கும்போது சதைக்கு ரத்தம் கூட வேணும், அது வந்து சேர மாட்டேங்குது. அதான் வலி. இன்னையிலிருந்து சிகரெட் கிடையாது. விடாட்டி காலையே எடுக்க வேண்டி வரலாம். அப்புறம், தினமும் நடக்கணும். வலிக்கிற வரைக்கும் நடங்க, நில்லுங்க, வலி போனதும் திரும்ப நடங்க."

"வலிக்குதுன்னு வந்தா நடக்கச் சொல்றீங்களே டாக்டர்!"

"நடந்தாத்தான் சின்னச் சின்னக் குழாயெல்லாம் வேலை செய்யப் பழகும். நம்புங்க லா."

மேலதிகாரி வீரசிங்கத்திடம் வீரம்மாதான் முதலில் பேசினாள். அவர் திட்டுவார் என்று வேலாயுதம் வெளியே நின்றுகொண்டிருந்தார். வீரசிங்கம் எழுந்து வெளியே வந்து, "வலியோட லைன்ல நின்னீரா? ரயில் வந்திருந்தா?" என்று மட்டும் கேட்டார். அடுத்த மாதமே அவரை ரயில்வே கேட் காக்கும் வேலைக்கு மாற்றினார். குவாட்டர்ஸ் தங்கியது. ஆனால் தோளில் ஸ்பேனர் இல்லாமல் கிளம்பிய முதல் நாள், வேலாயுதத்தின் கை இரண்டு முறை வெறும் தோளைத் தடவிப் பார்த்தது.

சிகரெட்டை விடப் பட்ட பாடு சொல்லி மாளாது. எரிந்து விழுந்தார், இரண்டு முறை திருட்டுத்தனமாகப் புகைத்தார். வீரம்மா பாக்கெட்டைப் பிடுங்கவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஏலக்காய் ஒன்றை உரித்து அவர் வாயில் வைத்தாள்.

மாலையில் இருவரும் நடந்தார்கள். அவர் வலித்து நிற்கும்போதெல்லாம் வீரம்மா குனிந்து தன் செருப்பு வாரைச் சரிசெய்வாள். தெருவில் போகிறவர்கள் அவளுக்காகத்தான் அவர் நிற்கிறார் என்று நினைப்பார்கள். மூன்றாவது வாரம்தான் அவருக்கு அது பிடிபட்டது.

"உன் செருப்பு நல்லாத்தான் இருக்கு, வீரம்மா."

"இருக்கட்டும். உங்களுக்கு வலி விட்டுச்சா?"

அவர் அவள் கையைப் பிடித்தார். கல்யாணமாகி முப்பது வருடத்தில் நடுத்தெருவில் அவர் அப்படிச் செய்ததில்லை. "யாராச்சும் பாப்பாங்க," என்றாள், கையை எடுக்கவில்லை.

எட்டு மாதம் கழித்து, நிற்காமல் காய்கறி வாங்கும் பாசார் வரை போய்விட்டார். பாதத்தில் நாடி திரும்பவில்லை, கால் முழுதாகக் குணமாகவும் இல்லை என்று டாக்டர் சொன்னார். ஆனால் காலை எடுக்கும் பேச்சு பிறகு எழவே இல்லை. ஓய்வுபெறும் வரை கேட்டில்தான் இருந்தார். மழை நாளிலும் மாலை நடையை இருவரும் விடவில்லை. ஒரே குடையில் போவார்கள், அவருடைய இடது தோள் எப்போதும் நனைந்திருக்கும்.