பொட்டு வைத்த வீடு

சுவிஸில் புதிதாகக் கட்டி முடித்த வீடுகளின் சுவர்களில் சின்னச் சின்னச் சிவப்பு வட்டங்கள் ஒட்டியிருக்கும். ஆட்கள் குடிவரும் முன் அப்படியான வீடுகளைத் துடைத்துக் கழுவுவதுதான் அங்கே எனக்குக் கிடைத்த முதல் வேலை. அந்த வட்டங்களை ஊத்தை என்று நினைத்து, முதல் நாளே ஒன்று விடாமல் நகத்தால் சுரண்டிக் குப்பையில் போட்டுவிட்டேன். மேற்பார்வைக்காரர் வந்து பார்த்துத் தலையில் கை வைத்தார். ஏதோ சத்தமாகச் சொன்னார். என் பெயரைத் தவிர ஒன்றும் விளங்கவில்லை. வேலை பிடித்துவிட்டதாக்கும் என்று நினைத்து "டாங்கே, டாங்கே" என்று சிரித்தேன். அவர் கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

கூட வேலை செய்த தமிழ்ப் பிள்ளைதான் பிறகு சொல்லித் தந்தாள். கட்டினவரிடமிருந்து வீட்டைப் பொறுப்பெடுக்கும் நாளுக்கு அங்கே அப்நாமே என்று பெயராம். வாங்குகிறவர் வீடு முழுக்க நடந்து, பிழை கண்ட இடத்தில் எல்லாம் வட்டம் ஒட்டுவாராம். திருத்தின பிறகுதான் அதைக் கழற்றலாமாம். பிறகொரு நாள் என் வயதுப் பெண் ஒருத்தி அப்படிச் செய்வதைக் கண்ணால் பார்த்தேன். சரியாக மூடாத ஒரு கதவின் முன் போய் நின்றாள். ஒரு சொல் பேசவில்லை. கட்டினவர் குனிந்து பார்த்து எழுதும் வரைக்கும் அசையவும் இல்லை. வாய் திறக்காமல் இப்படியும் நியாயம் கேட்கலாமா என்று எனக்கு அதிசயமாக இருந்தது.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் கூடினால் குரல் எழும்பாது. எங்கள் மட்டக்களப்புப் பக்கம் வீடு சீதனமாகப் பெண் பிள்ளைக்குத்தான் என்பது உங்களுக்குத் தெரியும். எனக்குத் தந்த வீட்டையும் அப்பாதான் பேசிக் கட்டுவித்தார், அம்மா மேசன்மாருக்குத் தேத்தண்ணி கொடுத்தா. குசினி யன்னல் உள்பக்கமாகத் திறந்து தலையில் இடிக்கும். யன்னலை மாற்றச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை. நாங்கள் குனிந்து பழகிவிட்டோம். என் பிள்ளை குனியக் கூடாது என்றுதான் என் புருசன் செத்த பிறகும் சுவிஸில் வாளி தூக்கினேன்.

போன வருடம் செங்கலடிப் பக்கத்தில் ஒரே வரிசையில் ஐந்து புது வீடுகள் கட்டி விற்றார்கள். அதில் ஒன்றை மகள் கோகிலாவுக்காக வாங்கினேன். பொறுப்பெடுக்கவென்று சுவிஸிலிருந்து வந்து இறங்கியபோது, கட்டினவர் வாசலிலேயே ஒரு கடதாசியை நீட்டினார். வீட்டைக் குறை ஒன்றும் இல்லாமல் பெற்றுக்கொண்டேன் என்று அதில் எழுதியிருந்தது.

"இதுல ஒரு கையெழுத்து வைங்கம்மா, வீட்டுத் திறப்பத் தாறன். சில்லற வேல இரிந்தா மறுகா பாப்பம்."

"வச்சிரிங்கம்மா. அவர் கோவிச்சா ஆர் நமக்குச் செய்து தாற?" என்று கோகிலா காதுக்குள் சொன்னாள்.

கையெழுத்து வைத்த பிறகு ஒரு ஆணி கூட அடிக்க வரமாட்டார் என்று எனக்குத் தெரியும். "நாளைக்கு வைக்கிறன் தம்பி, இண்டைக்கு வீட்டத் திறந்து மட்டும் விடுங்க" என்றேன்.

அன்று பின்னேரம் சந்திக் கடைக்குப் போய்ச் சிவப்பு ஒட்டுப்பொட்டு ஆறு அட்டை கேட்டேன். கடைப் பிள்ளை என் வெறும் நெற்றியைப் பார்த்துவிட்டு, "மகளுக்கா அம்மா?" என்றாள்.

"சுவருக்கு" என்றேன்.

சாந்து வெடித்த இடம், தட்டினால் உள்ளே வெறுமையாகக் கேட்ட தரை மாபிள், பூட்டுக் கொளுவாத கதவு, சரிந்து நின்ற சுவிச்சுப் பெட்டி எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தேன். கடைசியாகக் குளியலறையில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றினேன். அது தண்ணீர் போகும் ஓட்டையை எட்டியும் பார்க்காமல் படுக்கையறைப் பக்கம் போனது. அங்கே மூன்று பொட்டு.

மறுநாள் கட்டினவர் மேசனையும் கூட்டிக்கொண்டு வந்தார். உள்ளே கால் வைத்ததும் சிரித்தார்.

"என்னம்மா இது, சுவரெல்லாம் கொப்புளம்? வீட்டுக்கு அம்மாள் வருத்தமா? வேப்பிலை கட்டல்லயா?"

கோகிலாவுக்கு முகம் சுண்டிவிட்டது. நான் முதல் பொட்டின் முன் போய் நின்றேன். அவர் சிரித்து முடித்தார், ஃபோனைப் பார்த்தார், பிறகு சுவரைப் பார்த்தார். அதற்குப் பிறகே அடுத்த பொட்டுக்குப் போனேன். சுவிச்சுப் பெட்டிக்கு வரும்போது அவருக்குச் சிரிப்பு இல்லை. குளியலறையில் வாளியை அவர் கையிலேயே கொடுத்தேன். ஊற்றினார். தண்ணீர் திரும்பி அவருடைய சப்பாத்தை நனைத்தது.

"உங்களத்தான் தேடி வருகுது முதலாளி" என்றார் மேசன்.

"எல்லா வீட்டிலயும் இப்பிடித்தான். குளிக்கக்குள்ள தும்புத்தடியால தள்ளிவிட்டாச் சரி" என்றார் கட்டினவர்.

"அப்ப ஏன் தம்பி, வீட்டோட ஒரு தும்புத்தடியும் தரல்ல?"

அது என் வாயிலிருந்துதான் வந்தது. எனக்கே நம்ப முடியவில்லை. மேசன் மறுபக்கம் திரும்பி நின்று சிரித்தார். அதே வரிசையில் வீடு வாங்கின ஒரு பெண் யன்னலுக்கு வெளியே நின்று எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். "அக்கா, மிச்ச அட்டை இரிந்தா எங்கட வீட்டுக்கும் தாங்க" என்றாள்.

கட்டினவரின் முகம் மாறியது. இன்னும் இரண்டு வீடு விற்காமல் கிடந்தது.

"அட்டைய உள்ள வைங்கம்மா. உடைச்சுச் செய்து தாறன்."

"செய்து முடிச்ச இடத்துப் பொட்ட நான்தான் கழட்டுவன். கடைசிப் பொட்டும் கழண்டாப் பிறகு கையெழுத்து."

பதினாறு நாள் வேலை நடந்தது. நான் ஒரு பிளாஸ்டிக் கதிரை போட்டு நடுவில் இருந்தேன். தேத்தண்ணியை மருமகன் ஊற்றினார். குளியலறைத் தரையை முழுதாகக் கிளப்பிப் போட்டார்கள். ஊற்றின தண்ணீர் நேரே ஓட்டைக்குள் இறங்கிய அன்று, என் பெயரை எழுத்தெழுத்தாக, ஆறுதலாக எழுதிக் கொடுத்தேன். கோகிலா ஒவ்வொரு கதவாகத் திறந்து மூடிப் பார்த்தாள்.

நான் திரும்பப் பறக்க மூன்று நாள் இருக்கையில் கிராம சேவகர் வீட்டாரைப் பதிய வந்தார். இளம் ஆள். மகளையும் மருமகனையும் எழுதிவிட்டு என்னைப் பார்த்தார்.

"அம்மா இஞ்ச இரிக்கிற ஆளா, வந்து போற ஆளா?"

"இரிக்கிற ஆள்" என்றாள் கோகிலா. அதே நேரம் "வந்து போறவ" என்றேன் நான்.

அவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பேனையை மூடி வைத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு பென்சிலை எடுத்து, மகளின் பெயருக்குக் கீழே என் பெயரை எழுதத் தொடங்கினார்.

"அழுத்தி எழுதுங்க தம்பி" என்றேன்.