விளையாட்டு விரிப்பில் ஒரு குங்குமப் பொட்டு

தம்பலகாமத்தில் காலை பஸ்ஸுக்கு நின்றபோது எங்கள் விளையாட்டுக்கூடத்தின் வட்ஸ்அப் குழுவில் யாரோ எழுதியிருந்தார்கள்: "பூசாரி மோசம் போயிட்டாராம். விடிய நெஞ்சுநோவு." அந்தச் சாவுச் செய்தியோடு நான் பஸ்ஸில் ஏறினேன். அன்றும் வேலை இருந்தது, அவருடைய பங்கும் சேர்த்து.

துறைமுகத்தைப் பார்த்த அந்த மாடிக்குச் சீட்டும் பலகை ஆட்டங்களும் ஆட வரும் உங்களுக்கு, நீங்கள் பூசாரி என்று கூப்பிட்ட சூசைதாசன் அண்ணனைத் தெரியும். நீங்கள் எழுந்து போன பிறகு அவர் செய்தவை தெரிந்திருக்காது. மேலே துணியும் கீழே இறப்பரும் வைத்த பன்னிரண்டு மேசை விரிப்புகள் அங்கே உண்டு. கடற்காற்றில் ஒருநாள் துடைக்காமல் விட்டால் பிசுபிசுக்கும். ஈரத்தோடு சுருட்டினால் பூசணம் பிடிக்கும்.

எங்கள் வீட்டில் முதன்முதல் பல்கலைக்கழகம் போனவள் நான். வரவேற்பு மேசைக்கென்று வந்த எனக்கு முதல் வாரமே வாளியும் துணியும் கைக்கு வந்தன. அதை வீட்டில் சொல்லவில்லை. சிந்திய தேநீரை ஒருநாள் கோபத்தோடு தேய்த்துக்கொண்டிருந்தேன்.

"தேய்க்காதையும் தங்கச்சி, ஒத்தி எடும். தேய்ச்சால் ஊத்தை உள்ளுக்குப் போய்க் குடியிருந்திடும்" என்றார் அண்ணன்.

இன்னொரு நாள் வெயிலில் கொடியில் போட்டதைப் பார்த்து ஓடி வந்தார். "இது இடுப்பில கட்டுற சாரமில்லைப் பிள்ளை! அப்பளம் மாதிரி வளைஞ்சிடும்." நிழலில் தட்டையாகப் பரப்பி, காய்ந்த பின் படம் வெளியே தெரியும்படி சுருட்டினார்.

போன வருட ஆயுத பூசைக்கு வருகிறேன். எங்கள் ஊரில் அன்று உழவு இயந்திரத்திலிருந்து அரிவாள் வரை எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைப்போம். என் தொழிலுக்குக் கருவி இந்த விரிப்புகள்தானே என்று நினைத்து, காலையில் முந்தி வந்து பன்னிரண்டுக்கும் வைத்தேன். பதினொன்று கறுப்பு, கறை தெரியாது. பன்னிரண்டாவது, முதலாளி வெளிநாட்டிலிருந்து எடுப்பித்த வெளிர்நீலக் கடல் வரைபடம். பயந்து சவர்க்காரம் போட்டேன். சிவப்பு இன்னும் பரவியது.

"ஐயோ தங்கச்சி, கடலுக்கே பொட்டு வைச்சிட்டீரே!" என்றார் அண்ணன். குளிர்ந்த நீரில் துணி நனைத்து ஒரு மணித்தியாலம் ஒத்தினார். ஒரு மூலையில் இளஞ்சிவப்புத் தீவு மிஞ்சியது.

அன்று போட்டி நாள். நீங்கள் பலர் அங்கே நின்றீர்கள். "இதைச் செய்த ஆள் நாளைக்கு வரத் தேவையில்லை" என்றார் முதலாளி. எங்கள் வீட்டில் சம்பளம் வருவது எனக்கு மட்டுந்தான். வாயைத் திறந்தேன். அதற்குள் அண்ணன் முன்னே வந்தார்.

"நான்தான் வைச்சனான் ஐயா."

"ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போற ஆள் நீர். எப்ப தொடக்கம் ஆயுத பூசை செய்யிறீர்?"

"இந்த வருசந்தான். எல்லாச் சாமியையும் ஒருக்கால் கேட்டுப் பாப்பம் எண்டு."

எல்லோரும் சிரித்தீர்கள். முதலாளியும் சிரித்தார். "சரி, வேலையை விட்டு நிப்பாட்டேல்லை. ஆனால் டிசம்பர் இருபத்தஞ்சு, நத்தாருக்கு உமக்கு லீவில்லை. அண்டைக்கு முழுக்க நீர்தான் கூடம் பாக்கோணும்."

அன்றிலிருந்து அவர் உங்களுக்குப் பூசாரி ஆனார். உண்மையைச் சொல்லப் போகிறேன் என்று பலமுறை அவரிடம் சொன்னேன். "விடும், நீர் பட்டம் எடுக்க நாலு வருசம். எனக்கு ஒரு நாளிலை கிடைச்சிட்டுது" என்பார். நானும் சொல்லாமல் விட்டுவிட்டேன். அது எனக்கு வசதியாகவும் இருந்தது.

செத்தவீட்டிலும் ஒருவர் பாசத்தோடுதான் "எங்கட பூசாரி" என்று சொல்லி அழுதார். அதற்கு மேல் என்னால் இருக்க ஏலவில்லை. அண்ணனின் மனைவியிடம் போய் நடந்ததைச் சொன்னேன்.

"நத்தார் அண்டைக்குப் பிள்ளையள் சாப்பிடாமல் வாசல்லயே நிண்டதுகள், அப்பா வரட்டும் எண்டு," என்றார். அந்தக் குரலில் கோபம் இல்லை, களைப்புத்தான். "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போம்."

அதுதான் அவருடைய கடைசி நத்தார்.

முதலாளியிடம் நேற்றுச் சொல்லிவிட்டேன். இன்று உங்களுக்கும் சொல்கிறேன்: அந்தக் குங்குமத்தை வைத்தது நான். விரிப்பைத் துடைக்கவும், உலர்த்தவும், சுருட்டவும் அவர் காட்டிய முறை என்னிடம் இருக்கிறது. அது அவர் எனக்குத் தந்தது. அந்த ஒரு நத்தார் நாளும் என்னிடமே இருக்கிறது. அது அவருடைய பிள்ளைகளுடையது.