சம்மட்டி சொன்ன சாட்சி

பல்கலைக்கழகப் பராமரிப்புப் பிரிவில் அவன் தச்சன். பேர் சொன்னால் யாருக்கும் தெரியாது. சம்மட்டி என்றால்தான் தெரியும். ஆள் குள்ளம், கை மட்டும் உலக்கை. வாய் திறப்பதற்குள் கை பேசிவிடும். கேன்டீன் வரிசையில் முந்திய டிரைவரின் பல்லை அவரது டீ கிளாசிலேயே விழவைத்தவன். மனைவி தாழ்ப்பாளைத் திறக்கும்வரைகூடப் பொறுக்க மாட்டான். கதவை உதைத்து உடைத்துவிட்டு, மறுநாள் அவனே புதுக் கதவு செய்து மாட்டுவான். ஐந்து வருஷத்தில் மூன்று கதவு. "எங்க வீட்டுக் கதவுக்கு மட்டும் ஆயுசு கம்மி" என்பாள் அவள், முகம் வீங்காத நாட்களில்.

வேலைநிறுத்தத்தின் ஒன்பதாம் நாள், நூலகத்து பைண்டர் பின்வாசல் வழியாக வேலைக்குப் போனார். சம்மட்டி துரத்திப் பிடித்து, பைண்டிங் மேஜைமேல் அவர் வலது கையை விரித்துவைத்துச் சுத்தியலால் அடித்தான். எட்டு மாத சஸ்பென்ஷன். இன்னொரு முறை கை நீண்டால் வேலை போகும் என்று எழுதி வாங்கினார்கள். பைண்டர் வேறு வளாகத்துக்கு மாற்றலாகிப் போனார்.

திரும்பி வந்தவனை ஒரு பழைய வகுப்பறையில் பெஞ்சு ரிப்பேருக்கு அனுப்பினார்கள். வெள்ளிக்கிழமை மதிய இடைவேளையில் ஊழியர்களின் கிறிஸ்தவ ஐக்கியம் கூடும் அறை அது. டைப்பிஸ்ட் அக்கா, லேப் உதவியாளர், தோட்டக்காரர் என்று பத்துப் பன்னிரண்டு பேர். சாப்பாடு, பாட்டு, ஜெபம். ஆணி அடிக்க வந்தவன் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டான். அழுதான். ஞானஸ்நானம் எடுத்தான். மூன்று வருஷம் யார்மேலும் கை வைக்கவில்லை. வீட்டில் நாலாவது கதவு அப்படியே நின்றது.

புதிதாக யார் வந்தாலும் அக்கா அவனைத்தான், மனம் மாறிய கதையைச் சாட்சியாகச் சொல்ல எழுப்புவார். சொல்லச் சொல்ல அது மெருகேறியது. எங்கே குரலைத் தாழ்த்துவது, எங்கே கையை ஓங்கிக் காட்டுவது எல்லாம் அத்துப்படி. "ஒரே அடி, ரெண்டு விரல். அதே சுத்தியலக் கர்த்தர் என் நெஞ்சுமேல போட்டார்" என்று முடித்தால், அறையே "ஸ்தோத்திரம்" என்று அதிரும்.

அந்த வெள்ளியும் அதிர்ந்தது. கடைசி பெஞ்சு மட்டும் வாய் திறக்கவில்லை. அன்று காலைதான் பழைய வேலைக்கே மாற்றலாகி வந்திருந்த பைண்டர், லேப் உதவியாளர் கூப்பிட்டாரே என்று வந்து அங்கே உட்கார்ந்திருந்தார்.

எழுந்து வந்தார். கழன்று கிடந்த பெஞ்சுக் காலை இடது கையால் எடுத்து, சம்மட்டியின் புருவத்தில் இறக்கினார். அடுத்தது தோளில். மூன்றாவதை அவன் பிடித்துக்கொண்டான். அவனுடைய வலது முஷ்டி தானாகவே தலைக்குமேல் போயிருந்தது. அது இறங்கினால் வேலையும் போச்சு, மூன்று வருஷமும் தூள்.

பைண்டர் விரல்கள் கோணிப்போன தன் வலது கையை அவன் முகத்துக்கு நேரே நீட்டினார். "எண்ணுடா. எத்தன விரல ஒடச்ச?"

"நாலு."

"எத்தன அடி?"

"அஞ்சு."

அக்கா ஜெபம் தொடங்கினார். "ஜெபம் அப்புறம் பண்ணலாம் மேடம்" என்றார் பைண்டர். "அன்னைக்கு நான் என்ன கேட்டேன்னு இவன் சொல்லட்டும்."

முஷ்டி மெல்ல இறங்கியது. ரத்தம் கண்ணுக்குள் வழிந்தது, அவன் துடைக்கவில்லை.

"இடது கைய அடிச்சுக்க, வலது கைய விட்டுடு, பொழப்பே அதுலதான்னு கெஞ்சினீங்கண்ணே. நான் சிரிச்சேன். அப்புறம்தான் மத்த நாலு அடி."

யாரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. பைண்டர் பெஞ்சுக் காலைப் போட்டுவிட்டு, டிபன் பாக்ஸோடு வெளியேறினார்.

புருவத்தில் ஆறு தையல். யார் அடித்தது என்று மேலதிகாரி துருவியபோது, "வாங்க வேண்டியவன் வாங்கினேன் சார்" என்பதோடு நிறுத்திக்கொண்டான்.

அடுத்த வெள்ளி பைண்டர் வந்து கதவோரம் நின்றார். புதிதாக ஒரு எலக்ட்ரீஷியன் வந்திருந்ததால், பழக்க தோஷத்தில் அக்கா சம்மட்டியை எழுப்பிவிட்டார். அவன் கதவுப் பக்கம் பார்த்தான்.

"அண்ணன் சொல்லட்டும்க்கா. அடி பட்டது அவரு."

பைண்டர் முன்னே வந்தார். தட்டுத் தடுமாறித்தான் சொன்னார், மெருகேற்றத் தெரியவில்லை. சம்மட்டி உட்காராமல், தலை நிமிராமல், கடைசி விரல் வரைக்கும் நின்று கேட்டான்.