அமாவாசைக்கு வந்த விருந்தாளிகள்

செஞ்சியில் அமாவாசை என்றால் வீட்டுக்கு வீடு ஆள் வந்து இறங்கும். மேல்மலையனூர் அம்மன் கோவிலுக்குப் போகிறவர்கள் சொந்தக்காரர் வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் ஸ்பெஷல் பஸ் ஏறுவார்கள். அம்மா இருந்தவரை எங்கள் வாசலிலும் செருப்பு விட இடமிருக்காது. அவள் போனபிறகு எல்லோருக்கும் நேர் பஸ் கிடைத்துவிட்டது.

போன அமாவாசை சாயங்காலம் டிவியில் முதலைப் படம் பார்த்துக்கொண்டிருந்தேன். சுற்றுலா வந்த நாலு வெளிநாட்டுக்காரர்கள் படகு கவிழ்ந்து ஒரு மரத்தைத் தொற்றிக்கொண்டிருந்தார்கள். கீழே லாரி நீளத்துக்கு ஒரு முதலை. தமிழ் டப்பிங் என்பதால் "மச்சி, மச்சி" என்று ஒரே கூச்சல். வீட்டில் பேச்சுக்குரல் கேட்கட்டும் என்று நான்தான் சத்தத்தைக் கூட்டி வைத்திருந்தேன். மற்றபடி மட்டமான படம். அத்தனை பெரிய முதலையைப் பார்த்தபிறகும் முட்டாள்கள் ஒவ்வொருவராகத் தண்ணீரில் இறங்கினார்கள்.

யாரோ கதவைத் தட்டினார்கள். திறந்தால் பக்கத்து வீட்டு அக்கா, கையில் ஒரு தூக்கு நிறைய இட்லி மாவு.

"ஊர்லேர்ந்து ஆளுங்க வந்துட்டாங்க போல. பேச்சு சத்தம் கேட்டுச்சி. ஒருத்தியா இன்னா பண்ணுவன்னுதான் எடுத்தாந்தேன். எத்தினி பேரு?"

யாரும் வரவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. டிவி பக்கம் கையைக் காட்டினேன். மரக்கிளையில் ஒரு பெண் மட்டும் உட்கார்ந்திருந்தாள்.

"நாலு பேரு வந்தாங்கக்கா. இப்ப ஒருத்திதான் மிச்சம்."

அக்கா டிவியைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்தார். பிறகு நாலு பேருக்கான மாவை அப்படியே வைத்துவிட்டுப் போனார்.